ஏழாம் எண் குரல்

உணர்ச்சிகளையும் மூளையையும் மனநலத்தையும் ஆராயும் அந்தக் குழுவுக்குப் பல்கலைக்கழகம் ஒதுக்கியிருந்த இடம் தரைக்குக் கீழே இருந்தது. ஸ்கேனர் இயந்திரத்தின் எடையை மேல் தளங்கள் தாங்காது என்று கட்டடப் பொறியாளர் கையை விரித்துவிட்டார். அதனால் மனிதர்கள் எப்போது நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் இல்லாத அறைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வெளியே மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள, உள்ளே வருபவர்களின் செருப்பைப் பார்க்க வேண்டும். மற்ற துறைக்காரர்கள் அந்த இடத்துக்கு அழுமூஞ்சி டிபார்ட்மென்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் அங்கே மாணவியாக வந்தவள். பட்டம் வாங்கிய பிறகும் வேறு எங்கும் போகாமல் அங்கேயே ஆய்வாளராகத் தங்கிவிட்டாள். இளைய மாணவர்களுக்கு அவள் அக்கா. மிஷின் மக்கர் செய்தாலும், கூட்டத்துக்கு அறை கிடைக்காவிட்டாலும், யாருக்காவது காதல் முறிந்தாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள்.

ஆய்வகத்தில் ஒருவரைச் சிரிக்க வைப்பது கஷ்டம் என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் சோகப்படுத்துவதுதான் கஷ்டம். சினிமாக் காட்சியைப் போட்டால் பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். நாடக நடிகர்களைக் கூட்டிவந்து துயரக் கதைகளைப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். கேட்டவர்கள், நன்றாக நடிக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பேராசிரியர், நம் ஆட்களே தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லட்டும் என்றார். அப்போது மாணவியாக இருந்த அவளும் சொன்னாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்னக் கூண்டுக்குள் நின்று, மைக்கைப் பார்த்து, நாலைந்து பேர் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் சொன்னாள்.

அவள் சொன்னது இதுதான். அம்மா இறந்த சில நாட்களில் அப்பா அவளைப் பள்ளிச் சீருடையிலேயே உறவுக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெட்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னார். அழக் கூடாது, அழுதால் வர மாட்டேன் என்றும் சொன்னார். அவள் அழவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்குகள் எரிந்தன. அவர் வரவில்லை. மறுநாளும் அவள் அழவில்லை, மறுநாளும் அவர் வரவில்லை. தான் அழாதபோதும் அவர் ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். தூக்கத்தில் அழுதிருப்போம் என்று முடிவுக்கு வந்தாள். அதன் பிறகு வெகுநாள் வரைக்கும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

பதிவைக் கேட்டதும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விதிப்படி அடையாளங்களை அழித்தார்கள். அந்த வீடு யாருடையது, அப்பாவுக்கு என்ன தொழில் என்பதெல்லாம் வெட்டப்பட்டது. அப்பா அவளைக் கூப்பிடும் செல்லப் பெயர் வந்த இடத்தில் சின்ன மௌனம் விடப்பட்டது. குரலைக் கணினியில் கொடுத்துக் கனமாக்கினார்கள். அது ஏழாவது பதிவு என்பதால் ஏழாம் எண் ஆயிற்று.

ஏழாம் எண் தோற்கவே இல்லை. இளைஞர், நடுவயதினர், அழுகையே வராது என்று சவால் விட்டு வந்தவர் என யாருக்குப் போட்டாலும் வேலை செய்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் கேட்டு வாங்கிக்கொண்டன. எங்கோ ஒரு குழு, அந்தச் சின்ன மௌனம்தான் கேட்பவரை உலுக்குகிறது என்று தனிக் கட்டுரையே எழுதியது. ஒரு முறை அவள் பேராசிரியரிடம் போய், பதிவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, எத்தனை பேருடைய ஆய்வு அதன் மேல் நிற்கிறது என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "அது இப்ப உன் குரல் இல்லம்மா. அது ஒரு அளவுகோல்" என்றார். அது யார் குரல் என்பது இப்போது அங்கே அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள். அதற்கப்புறமும் பக்கத்து அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் தன் குரல், யாரோ ஒரு ஆண் தடித்த குரலில் பேசுவதுபோல், பெட்டி மேல் உட்கார்ந்திருந்த கதையைச் சொல்வது அவள் காதில் விழுந்தது.

இதற்கிடையில் அந்த அப்பா அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர், போன வருடம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். மருத்துவமனையில் நர்ஸ், கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்று கேட்டபோது அவளுடைய எண்ணைத்தான் சொல்லியிருக்கிறார். குணமான பிறகு திரும்பிப் போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, போங்கள் என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு அறை வீடு. ஒரு அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதில் அவள் தன் கட்டிலையும் புத்தகங்களையும் திணித்துக்கொண்டாள்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஒழுகிய குழாய் ஒழுகவில்லை. கீழ்வீட்டு மிக்ஸி ஓடியது. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மாடி வக்கீல்கூட அவரிடம் நின்று பேசினார். அந்த நாட்களைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்த போதெல்லாம் அவர் ஏதோ ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்குரூவை வாயில் கவ்வியிருக்கும் மனிதனிடம் எதைக் கேட்பது? மெல்ல மெல்ல அவள் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள்: ஏழாம் எண் அவர் காதில் விழாமல் இருக்க வேண்டும். விழுந்தால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இன்னொரு முறை அவர் போவதைப் பார்க்கும் தெம்பு அவளிடம் இல்லை.

அந்த வருடம் ஆய்வகத்தில் முதியவர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. வயதானால் சோகம் எப்படி மாறுகிறது என்பது கேள்வி. ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் மாணவனின் பட்டமே அதில்தான் இருந்தது. ஆனால் வயதானவர்கள் ஸ்கேனரின் குழாய்க்குள் படுக்கப் பயந்தார்கள். உதவிக்குக் கூப்பிடக் கையில் கொடுக்கும் பந்தைப் பாதியில் அழுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவன் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போவதை அவள் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிப் புலம்புவாள். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று மதியம் ஸ்கேன் டெக்னீஷியன் சாப்பிடப் போயிருந்தார். கட்டுப்பாட்டு அறையில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒல்லி வந்து, கொஞ்சம் உட்காருங்கள் அக்கா, தாத்தா ஒருத்தர் ஜோராகப் படுத்திருக்கிறார், பயமே இல்லை என்று கூப்பிட்டான். அவள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. குழாய்க்குள் தலை வைத்துப் படுத்திருப்பவரின் முகம் இங்கிருந்து தெரியாது. போர்வைக்கு வெளியே பாதங்கள் மட்டும் தெரியும். அவள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளமாக வளர்ந்து, அதன் மேல் சாய்ந்து ஏறியிருந்தது. அவள் காலிலும் அப்படித்தான்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்களின் உறவினர்களைச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்பார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். மகள் ராத்திரி சாப்பாட்டில் புலம்பிய ஒரு விஷயத்தைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்று நினைத்திருக்கிறார். மிக்ஸி மாதிரி.

திரையில் பதிவுகளின் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. சாதாரண வானிலை அறிக்கை முடிந்துவிட்டது. பிறந்த குழந்தையை முதன்முதலாகப் பார்த்த ஒருவரின் சந்தோஷப் பதிவு முடியும் தறுவாயில் இருந்தது. அதற்கு அடுத்தது ஏழு.

ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ளே இருப்பவரை நலம் விசாரிப்பது வழக்கம். ஒல்லி, அக்கா நீங்கள் கேளுங்களேன், உங்கள் குரல் கேட்டால் எல்லாரும் தைரியமாகிவிடுகிறார்கள் என்று மைக்கை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொண்டையைக் காட்டி, வேண்டாம் என்று தலையசைத்தாள். அவனே பொத்தானை அழுத்திக் கேட்டான்.

"ஐயா, சௌகரியமா இருக்கீங்களா?"

"படுக்க வெச்ச லிஃப்ட் மாதிரி இருக்கு தம்பி" என்றது ஸ்பீக்கர். "நடுவுல மாட்டிக்கிட்டவங்களை நான் நிறைய பேரை வெளிய எடுத்திருக்கேன். என்னை எடுக்க ஆள் இருக்கீங்கல்ல?"

ஒல்லி சிரித்துக்கொண்டே, இருக்கிறோம் ஐயா என்றான்.

ஒரு வார்த்தை போதும். இவர் என் அப்பா என்று சொன்னால் ஒல்லி அப்போதே இயந்திரத்தை நிறுத்திவிடுவான். அப்பா வெளியே வந்து அசடு வழிவார். ஒல்லி தலையில் கை வைத்துக்கொள்வான். அதோடு முடிந்தது. சொல்வதற்காக அவள் மூச்சை இழுத்ததும் உண்மை. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. இத்தனை வருடங்களாக முன்பின் தெரியாத எத்தனையோ பேர் கேட்டாயிற்று. கடல் தாண்டியிருக்கும் ஊர்களில் கேட்டாயிற்று. கேட்க வேண்டிய ஒரே ஒரு ஆள் கேட்கவில்லை. அவர் இப்போது அசையக் கூடாது என்ற உத்தரவோடு படுத்திருக்கிறார். கையில் ஸ்குரூ டிரைவர் இல்லை. எழுந்து போக முடியாது. இப்படி ஒரு நிலையில் அவர் தனக்குக் கிடைப்பார் என்று அவள் கனவுகூடக் கண்டதில்லை. அந்த ஆசை தன்னுள் இவ்வளவு பெரிதாக இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அதைப் பார்த்து அவள் பயந்துபோனாள். பயந்து முடிப்பதற்குள் ஒல்லி பொத்தானைத் தட்டிவிட்டான்.

ஏழாம் எண் ஓட ஆரம்பித்தது.

ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது ஸ்கேனர் திரையில் தெரியும் என்று வெளியே நம்புகிறார்கள். அப்படி எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் வெட்டிவெட்டி வைத்த படங்கள்தான் வரும். அதிலிருந்து ஏதாவது சொல்ல மாதக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். அப்போதைக்குத் தெரிவது நாடித்துடிப்பின் கோடு, மூச்சின் கோடு, அவ்வளவுதான். அவள் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம். இப்போது பெட்டி. இப்போது தெருவிளக்கு. செல்லப் பெயர் இருந்த மௌனம் வந்தபோது மூச்சுக் கோடு சட்டென்று தட்டையாயிற்று. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் துணி கட்டிக்கொண்ட இடம் வந்ததும் பாதங்கள் ஒன்றையொன்று உரசின. அசையக் கூடாது ஐயா என்று ஒல்லி தனக்குத்தானே முணுமுணுத்தான். உதவி வேண்டுமானால் அழுத்துவதற்கு அவர் கையில் ரப்பர் பந்து இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை.

பதிவு முடிந்ததும் எவ்வளவு சோகமாக உணர்கிறீர்கள் என்ற கேள்வி அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். குறி நகர்ந்து நகர்ந்து அளவுகோலின் கடைசிக்குப் போயிற்று. அதற்குப் பிறகும் அவர் பதில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

"ஏழு யாரையும் விடாதுக்கா" என்றான் ஒல்லி.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். மீதிப் பதிவுகள் ஓடியதை அவள் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் அறை காலியாக இருக்கும் என்றும், டூல்ஸ் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

டெக்னீஷியன் திரும்பி வந்து அவரை வெளியே இழுத்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலை அசையாமல் பிடிக்கும் பட்டையின் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. கதவருகே நின்ற அவளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்.

"மாட்டிக்கிட்டேனா பாப்பா?" என்றார். "உனக்குத் தெரியாம வந்துட்டுப் போயிடலாம்னு பார்த்தேன்."

அவர் அக்காவின் அப்பா என்று புரிந்ததும் ஒல்லியின் முகம் வெளுத்தது. கிடைத்த ஒரே நல்ல தாத்தாவும் கணக்கில் சேர மாட்டார். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி ஒரு விதி இவ்வளவு கறாராக இருக்கும் என்று நினைக்கவில்லை, தன்னைப்போல் படுப்பதற்குப் பழைய கம்பெனி ஆட்கள் நாலு பேரை நாளைக்கே கூட்டி வருகிறேன் என்று சமாதானம் சொன்னார். முன்னாடியே தெரியாதா அக்கா என்று ஒல்லி கேட்டான். கால் மட்டும்தானே தெரிந்தது என்று அவள் சொன்னாள்.

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக, கடந்துபோகும் கட்டடங்களில் எதில் எந்த லிஃப்ட் ஓடுகிறது, எதில் மோட்டார் சொத்தை என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று பேசவில்லை. அவள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பையன் என்றாள்.

"பொட்டி மேல உக்காந்துக்கிட்டு இருந்தானே. அவன்தான்."

குரலைக் கனமாக்கியதில் சிலர் அதை ஆண் என்றே எடுத்துக்கொள்வது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் அவள் அதை மறந்திருந்தாள். அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுப்பா, யார் என்று எங்களுக்கே தெரியாது என்றாள். அவர் தலையாட்டினார். ஆனால் விடவில்லை. அந்தத் தகப்பனெல்லாம் ஒரு மனுஷனா என்றார். பையன் என்பதால்தான் அழாதே என்று சொல்ல அந்த ஆளுக்கு வாய் வந்திருக்கிறது, பெண் குழந்தையாக இருந்தால் எந்தக் கல்மனசுக்காரனும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்றார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

பிறகு தணிந்து, அவள் பக்கம் திரும்பினார்.

"நானும்தான் உன்னை அத்தை வீட்ல விட்டேன். எனக்கு ஷிஃப்ட்டு, உனக்கு சமைச்சுப் போட ஆள் இல்ல. ஆனா நீ சிரிச்சுக்கிட்டே கையாட்டுன பாரு, அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. அதை நினைச்சுத்தான் அந்த வருஷமெல்லாம் வேலை பார்த்தேன்."

அவள் கையாட்டியது உண்மைதான். அழவில்லை என்று தூரத்திலிருந்து தெரிவதற்காக ஆட்டினாள். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அந்த முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. ஒரு மனிதன் இத்தனை வருடம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றானோ அதை ஓடும் பஸ்ஸில் வைத்து எப்படிப் பிடுங்குவது? அதுவும், அவனெல்லாம் ஒரு மனுஷனா என்று அவர் வாயாலேயே தீர்ப்பைச் சொல்லி முடித்த பிறகு.

"ஆமாப்பா" என்றாள்.

நிறுத்தம் வந்தது. இறங்கி நடக்கும்போது அவர் இடுப்பு வலியால் கொஞ்சம் நின்று நின்று வந்தார். பேக்கரி வாசலில் நின்று, நீ அந்தப் பையனைத் தேடிப் பிடித்து ஒன்று சொல்ல வேண்டும் என்றார். விதி அது இது என்று அவள் ஆரம்பித்ததும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ரூல்ஸ் கிடக்கட்டும். நீ அழுததுக்கும் அந்த ஆள் வராததுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்லு. வர்றவனா இருந்தா ஊரே கேக்குற மாதிரி அழுதிருந்தாலும் வந்திருப்பான். இதை யாராவது அவனுக்கு சொல்லணும் பாப்பா. இல்லன்னா கிழவனாகுற வரைக்கும் அவன் அந்தப் பொட்டி மேலயேதான் உக்காந்திருப்பான்."

அவள் பேக்கரியின் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே ஒரு பெண் ரொட்டித் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சுற்றும் கைகளையே அவள் வெகுநேரம் பார்த்தாள். சொல்கிறேன் என்று சொன்னபோது அவள் குரல் அவளுக்கே கனமாகக் கேட்டது. வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள்.

அத்தோடு மறந்துவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுநாள் மாலை தட்டில் சாப்பாட்டைப் போட்டதும், சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றாள். என்ன சொன்னான் என்றார். கேட்டுக்கொண்டான் என்றாள். அவ்வளவுதானா என்றார் அப்பா. ஏமாற்றம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு வேலையை எடுத்துச் செய்துவிட்டு, மிஷின் ஓடுகிறதா என்று பார்க்காமல் போகும் பழக்கம் அவருக்கு இல்லை. இப்போது எங்கே இருக்கிறானாம், கல்யாணம் ஆகிவிட்டதாமா, அந்த ஆள் என்ன ஆனானாம் என்று வரிசையாகக் கேட்டார்.

அவள் தண்ணீரை ஊற்றினாள். டம்ளர் நிரம்பியது.

"அவங்க அப்பா இப்ப அவன்கூடத்தான் இருக்காராம்ப்பா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"சேத்துக்கிட்டானா?"

"ம்."

"இதைப் பத்தி அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேக்கலையாம்."

அவர் யோசித்தார். லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். இப்போது, இந்த நிமிடம் அவருக்குப் பிடிபட்டுவிடும் என்று காத்திருந்தாள். அடுப்பங்கரையில் குக்கர் ஆறும் சத்தம் கேட்டது.

"பயமா இருக்கும்" என்றார் அவர், மெதுவாக. "கேட்டா அந்த ஆள் மறுபடியும் கிளம்பிப் போயிடுவான்னு பயமா இருக்கும். பாவம். சின்னப் பையன்லேர்ந்து அந்தப் பயம்."

அவள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு அவனைப் பாத்தா, கேட்டுடச் சொல்லு. போனா போகட்டும்."

"நிஜமா போயிட்டா?"

"இப்ப மட்டும் என்ன? பூட்டுன வீட்டுக்குள்ள ரெண்டு பேர் இருக்கிற மாதிரிதானே இருக்கும்?" என்றார் அப்பா. "சொல்லுவியா?"

"சொல்றேன்ப்பா" என்றாள் அவள்.

அவர் திருப்தியோடு தட்டை அருகில் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.